அளவுகோல் யார் கையில்?

ஒன்றிய அரசின் குடிமைப் பணித் தேர்வில் 2013ஆம் ஆண்டு முதல் அறவியலுக்கென்று 250 மதிப்பெண்களுக்குத் தனித்தாள் ஒன்று இருக்கிறது. தில்லியின் ராஜேந்திர நகரிலும் சென்னையின் அண்ணா நகரிலும் இயங்கும் பயிற்சி நிலையங்களில் இத்தாளுக்கான கையேடுகள் குவிந்து கிடக்கின்றன. எல்லாக் கையேடுகளும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. விளைவைப் பார்ப்பது பயன்பாட்டுவாதம். கடமையைப் பார்ப்பது காண்ட்டின் கொள்கை. செய்பவரின் குணத்தைப் பார்ப்பது அரிஸ்டாட்டிலின் நற்பண்புக் கோட்பாடு. அனைவரும் ஒப்புக்கொள்ளக்கூடிய விதியைத் தேடுவது ஒப்பந்தவாதம். இடையில் கொஞ்சம் கீதை, கொஞ்சம் காந்தி. பிறகு ஒரு சிக்கல் தரப்படும்: நீங்கள் மாவட்ட ஆட்சியர், ஆலையை மூடினால் ஆயிரம் பேருக்கு வேலை போகும், மூடாவிட்டால் ஆற்றுநீர் கெடும், என்ன செய்வீர்கள்? நான்கு கோட்பாடுகளையும் அளவோடு தூவி, நடுநிலையான முடிவு ஒன்றை எழுதினால் மதிப்பெண் கிடைக்கும்.

கோட்பாடுகளைப் படிப்பதில் தவறில்லை, படிக்கத்தான் வேண்டும். ஆனால் இந்தக் கையேடுகள் அவற்றைக் கண்ணாடிக் கடையில் அடுக்கிய கண்ணாடிகளைப் போல வைத்திருக்கின்றன. எதை வேண்டுமானாலும் எடுத்து அணியலாம், ஒவ்வொன்றிலும் ஒரு காட்சி தெரியும், எல்லாமே ஓரளவு சரி. எது சரியான செயல் என்ற கேள்வி இவ்வளவு சாதுவானதாக இருந்ததில்லை. எந்தச் செயலைப் பற்றிக் கேட்கிறோம், யாருடைய செயலை, எந்தத் தேதியில் என்பவை முன்கூட்டியே முடிவு செய்யப்பட்டுவிட்ட பிறகுதான் கோட்பாடுகள் அழைக்கப்படுகின்றன. முடிவு செய்தவர் யார் என்று எந்தக் கையேடும் கேட்பதில்லை.

உலகெங்கும் அறவியல் வகுப்புகளில் சொல்லப்படும் டிராம் வண்டிப் புதிரை எடுத்துக்கொள்வோம். 1967இல் பிரிட்டிஷ் தத்துவ அறிஞர் ஃபிலிப்பா ஃபுட் தமது கட்டுரை ஒன்றில் இதை முன்வைத்தார். கட்டுப்பாடு இழந்த டிராம் ஓடுகிறது. ஒரு தடத்தில் ஐந்து பேர், மற்றொன்றில் ஒருவர். ஓட்டுநர் எந்தத் தடத்தில் திருப்புவது? அரை நூற்றாண்டுக்கு மேலாக இதன்மீது புத்தகங்கள் எழுதப்பட்டுவிட்டன. ஆனால் அந்தக் கட்டுரையிலேயே உள்ள ஒரு சிறு தகவலை வகுப்புகள் தாண்டிப் போய்விடுகின்றன. தடத்தில் நிற்கும் அந்த ஆறு பேரும் வழிப்போக்கர்கள் அல்லர். அவர்கள் அங்கே வேலை செய்துகொண்டிருக்கும் தொழிலாளர்கள். வண்டி ஓடும் தடத்தில் ஆட்களை வேலைக்கு இறக்கியது யார்? பிரேக் பராமரிப்புக்கான செலவை வெட்டியது யார்? எச்சரிக்கைக் கொடியுடன் நிற்க வேண்டிய ஆள் எங்கே? இரும்புப் பாதையில் சுத்தியலோடு நடக்கும் டிராக்மேன்களைக் கேட்டால் புதிரின் விடை முதலில் அங்கேதான் தொடங்கும் என்பார்கள்.

கற்பனை டிராமை விட்டு இந்திய மண்ணில் நடந்த ஒன்றுக்கு வருவோம். மேலாண்மைக் கல்லூரிகளின் வணிக அறவியல் பாடத்தில் தவறாமல் இடம்பெறும் நிகழ்வு அது: போபால்.

1984 டிசம்பர் 2ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி, யூனியன் கார்பைடு ஆலையின் இ-610 என்ற தொட்டியில் இருந்த சுமார் 40 டன் மீதைல் ஐசோசயனேட்டில் தண்ணீர் கலந்து, கட்டுக்கடங்காத வேதிவினை தொடங்கி, நச்சு வாயு நகரின்மீது படர்ந்தது. ஆலைக்கு எதிரே இருந்த ஜெ.பி. நகர் குடிசைகளில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் முதலில் மடிந்தார்கள். இவ்வளவும் அனைவரும் அறிந்தது. கேட்க வேண்டியது அதற்கு முன்பு நடந்தவற்றைப் பற்றி. பூச்சிமருந்து விற்பனை சரிந்து ஆலை நட்டத்தில் ஓடியது. மீதைல் ஐசோசயனேட் பிரிவில் ஒரு ஷிப்டுக்கான ஆட்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கப்பட்டனர். பூஜ்ஜியத்தை ஒட்டிய குளிரில் வைக்க வேண்டிய திரவத்துக்கான குளிரூட்டும் பிரிவு 1984 ஜூனில் நிறுத்தப்பட்டது. வாயுவைக் கழுவி நடுநிலையாக்கும் கருவி பயன்பாட்டில் இல்லை. வாயுவை எரித்தழிக்கும் கோபுரத்துக்குச் செல்லும் குழாயின் ஒரு பகுதி துருப்பிடித்துக் கழற்றப்பட்டு, மாற்றப்படாமல் கிடந்தது. 1981 டிசம்பரிலேயே பாஸ்ஜீன் வாயு தாக்கி ஒரு தொழிலாளி இறந்திருந்தார். 1982 மே மாதம் அமெரிக்காவிலிருந்து வந்த நிறுவனத்தின் சொந்த ஆய்வுக் குழுவே குறைகளைப் பட்டியலிட்டது. தொழிற்சங்கம் சுவரொட்டி ஒட்டி ஊரை எச்சரித்தது. ராஜ்குமார் கேஸ்வானி என்ற பத்திரிகையாளர் 1982 முதல் எழுதிக்கொண்டே இருந்தார். யாருக்கும் தெரியாமல் வந்த இடி அல்ல அது.

இப்போது கோட்பாடுகளை அழைக்கலாம்.

பயன்பாட்டுவாதத்தை நிறுவிய ஜெர்மி பெந்தாம் 1789இல் தமது முதன்மை நூலை வெளியிட்டபோது அதில் ஒரு கலகக் குரல் இருந்தது என்பதை மறுக்க வேண்டியதில்லை. மன்னரின் இன்பமும் மாடு மேய்ப்பவரின் இன்பமும் கணக்கில் ஒன்றாகவே எண்ணப்படும் என்பது நிலப்பிரபுத்துவத்தின் கன்னத்தில் விழுந்த அறை. கடவுளின் பெயராலும் பரம்பரையின் பெயராலும் நியாயப்படுத்தப்பட்ட சட்டங்களை, இதனால் யாருக்கு என்ன நன்மை என்ற ஒரே கேள்வியால் அவர் உலுக்கினார். ஆனால் நன்மையை அளப்பது எப்படி? மூலதனம் முதல் தொகுதியில் மார்க்ஸ் இந்த இடத்தில்தான் பெந்தாமைப் பிடிக்கிறார். நாய்க்கு எது பயன் என்று அறிய நாயின் இயல்பை ஆராய வேண்டும், மனிதருக்கும் அப்படியே. பெந்தாமோ தம் காலத்து ஆங்கிலக் கடைக்காரரை மனிதகுலத்தின் மாதிரியாக வைத்துக்கொண்டு, அவருக்குப் பயனானதையே உலகின் பயன் என்கிறார் என்பது மார்க்சின் கேலி.

அந்தக் கடைக்காரர் கப்பலேறி இந்தியாவுக்கும் வந்தார். இக்கோட்பாட்டின் மிகச் சிறந்த உரையாளரான ஜான் ஸ்டூவர்ட் மில் 1823 முதல் 1858 வரை கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் அலுவலகத்தில் பணிபுரிந்தவர். தனிமனித சுதந்திரம் குறித்து 1859இல் அவர் எழுதிய புகழ்பெற்ற நூல், பின்தங்கிய சமூகங்களுக்கு அந்தச் சுதந்திரம் பொருந்தாது என்று தொடக்கத்திலேயே விலக்கு வைத்துவிடுகிறது. கூட்டல் கணக்கில் எல்லோரும் ஒன்று. ஆனால் கணக்கெழுதும் உரிமை எல்லோருக்கும் இல்லை. காலனிய நாடுகளின் மக்களுக்கு இது புதிய செய்தியல்ல.

1984 ஜூனில் குளிரூட்டியை நிறுத்தியவர்கள் பெந்தாமைப் படித்திருக்க வேண்டிய அவசியமில்லை. அவர்கள் செய்தது பயன்-செலவுக் கணக்கு. மின்சாரம் மிச்சம், குளிரூட்டும் திரவம் மிச்சம், ஆள்கூலி மிச்சம். மறுபக்கத்தில் எழுதப்பட வேண்டிய பல லட்சம் பேரின் நுரையீரலும் கண்களும் கருவில் இருந்த குழந்தைகளும் அந்தப் பேரேட்டில் ஏறவே இல்லை. நேர்மையான பயன்பாட்டுவாதி ஒருவர் இந்தக் கணக்கைப் பார்த்தால் ஒரு நொடியில் கிழித்துப் போடுவார். சில ஆயிரம் டாலர் மிச்சத்துக்காக ஒரு நகரத்தையே பணயம் வைப்பதை எந்தக் கூட்டலும் நியாயப்படுத்தாது. ஆகவே கோட்பாடு தோற்றது என்பதைவிட, அது கம்பெனிக் கணக்கரின் கைக்குப் போனதும் துன்பத்தை அளப்பதை விட்டுவிட்டுப் பணத்தை அளக்கத் தொடங்கிவிட்டது என்பதே உண்மை.

துன்பத்தைப் பணமாக மாற்றினால் ஏழையின் துன்பம் மலிவாகிவிடும். இதை ஒளிவுமறைவின்றி எழுதியவர்களும் உண்டு. 1991 டிசம்பரில் உலக வங்கியின் தலைமைப் பொருளாதார அறிஞராக இருந்த லாரன்ஸ் சம்மர்ஸின் கையொப்பத்தோடு உள்சுற்றுக் குறிப்பு ஒன்று வெளியே கசிந்தது. நோயாலும் சாவாலும் இழக்கப்படும் வருமானம் எங்கே குறைவோ அங்கே நச்சுத் தொழில்களைக் கொண்டுபோய் வைப்பதே சிக்கனம் என்பது அதன் வாதம். அது கிண்டலாக எழுதப்பட்டது என்று பின்னர் விளக்கம் தரப்பட்டது. கிண்டலா இல்லையா என்பதைப் போபால்வாசிகள் ஏழாண்டுகளுக்கு முன்பே தெரிந்துகொண்டிருந்தார்கள்.

காண்ட்டின் வழி வேறு. கோனிக்ஸ்பெர்க் நகரை விட்டு அதிகம் வெளியே போகாத அந்தப் பேராசிரியர் 1785இல் எழுதியதன் சாரம் இரண்டு: உன் செயலின் விதி எல்லோருக்கும் பொது விதியாக இருக்க வேண்டும் என்று உன்னால் விரும்ப முடிய வேண்டும், எந்த மனிதரையும் வெறும் கருவியாகப் பயன்படுத்தாதே. விளைவு லாபமா நட்டமா என்பது இரண்டாம் பட்சம். இந்த உரைகல்லில் போபாலை உரசிப் பார்த்தால் என்ன கிடைக்கிறது? 1984 செப்டம்பரில், விபத்துக்கு மூன்று மாதங்களுக்கும் குறைவான காலத்துக்கு முன், யூனியன் கார்பைடின் ஆய்வுக் குழு மேற்கு வர்ஜீனியாவின் இன்ஸ்டிட்யூட் என்ற ஊரில் இருந்த தனது ஆலையில் மீதைல் ஐசோசயனேட் தொட்டிகளில் கட்டுக்கடங்காத வேதிவினை நேரக்கூடும் என்று எச்சரித்து அறிக்கை தந்தது. அதே நிறுவனம், அதே வேதிப்பொருள். அந்த எச்சரிக்கை போபாலுக்கு அனுப்பப்படவில்லை. அமெரிக்க ஊருக்கு ஒரு விதி, இந்திய ஊருக்கு ஒரு விதி என்றால் அது காண்ட்டின் முதல் வாசலிலேயே நிறுத்தப்பட்டுவிடும். இன்னொன்றும் உண்டு. இழப்பீட்டு வழக்கு அமெரிக்காவில் தொடுக்கப்பட்டபோது, இந்திய நீதிமன்றமே உரிய இடம் என்று நிறுவனம் வாதாடி, 1986இல் நீதிபதி கீனன் முன் வெற்றியும் பெற்றது. அதே நிறுவனமும் அதன் தலைவர் வாரன் ஆண்டர்சனும் இந்தியாவில் நடந்த குற்ற வழக்குக்கு வரவேயில்லை. 1992இல் தலைமறைவானவர்கள் என்று அறிவிக்கப்பட்டார்கள். பொது விதி எங்கே?

ஆக காண்ட்டும் குற்றவாளி என்றே தீர்ப்பளிப்பார். ஆனால் அவருடைய கோட்பாட்டின் மையம் மனிதரின் எண்ணம். செயலின் மதிப்பு அதன் பின்னுள்ள எண்ணத்தில் இருக்கிறது. தனி மனிதருக்கு இது பொருந்தும். ஒரு பன்னாட்டு நிறுவனத்துக்கு எண்ணம் எங்கே இருக்கிறது? குளிரூட்டியை நிறுத்தச் சொன்னவருக்குத் துருப்பிடித்த குழாய் தெரிந்திருக்க வேண்டியதில்லை. செலவை வெட்டச் சொன்னவருக்கு எந்தப் பிரிவில் வெட்டப்பட்டது என்பது தெரிந்திருக்க வேண்டியதில்லை. அறிவைத் துண்டு துண்டாக்கிப் பிரித்து வைப்பதே பெருநிறுவன நிர்வாகத்தின் கலை. எண்ணத்தைத் தேடிப் போகும் நீதி அங்கே வெறுங்கையோடு திரும்பும். திரும்பியது. 1996 செப்டம்பரில் உச்சநீதிமன்றம், மரணம் நேரும் என்ற அறிவோடு செயல்பட்டதாகக் காட்டச் சான்று இல்லை என்று கூறி, பத்தாண்டு வரை தண்டனை தரக்கூடிய பிரிவை நீக்கி, கவனக்குறைவால் மரணம் விளைவித்தல் என்ற 304-ஏ பிரிவுக்குக் குற்றச்சாட்டைக் குறைத்தது. சாலை விபத்துக்குப் போடும் பிரிவு அது. 2010 ஜூன் 7 அன்று இந்திய அதிகாரிகளுக்கு இரண்டாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. அன்றே பிணையும் கிடைத்தது. நீதிமன்றம் காண்ட்டின் பெயரைச் சொல்லவில்லை, சொல்லியிருக்கவும் வேண்டியதில்லை. எண்ணம் இருந்ததா என்ற கேள்வி மட்டும், எண்ணமே இல்லாத ஓர் இயந்திரத்துக்குக் கேடயமாகிவிட்டது.

நற்பண்புக் கோட்பாடு பத்திரிகைகளுக்குப் பிடித்தமானது. அதில் கதாபாத்திரங்கள் உண்டு. ஆண்டர்சன் போபாலுக்கு வந்தார், டிசம்பர் 7ஆம் தேதி கைது செய்யப்பட்டார், சில மணி நேரத்தில் பிணையில் விடப்பட்டு அரசு விமானத்தில் தில்லிக்கு அனுப்பப்பட்டார், நாட்டை விட்டே போனார். வந்தது துணிச்சலா, போனது கோழைத்தனமா, அவர் நல்லவரா கெட்டவரா என்று எவ்வளவு மை செலவானது! 2014இல் அவர் இறந்தபோதும் அதே விவாதம் ஒரு சுற்று வந்தது. நல்லவர் ஒருவர் அந்த நாற்காலியில் இருந்திருந்தாலும் நட்டத்தில் ஓடும் ஆலைக்குச் செலவு செய்வதைப் பங்குதாரர்கள் அனுமதித்திருப்பார்களா என்று கேட்டவர்கள் குறைவு. குணத்தைத் தேடும் இதே பார்வையை நிறுவனம் மறுமுனையிலிருந்தும் பயன்படுத்திக்கொண்டது. மனக்கசப்புற்ற தொழிலாளி ஒருவர் வேண்டுமென்றே தொட்டியில் தண்ணீரைச் செலுத்தினார் என்பது அதன் வாதம். எந்த நீதிமன்றத்திலும் அந்தத் தொழிலாளி நிறுத்தப்படவில்லை. கெட்ட மனிதர் ஒருவர் கிடைத்துவிட்டால், நின்றுபோன குளிரூட்டியையும் கழற்றிய குழாயையும் பற்றிப் பேச்சு எழாது அல்லவா? பிறகு வந்தது கொடை. பெரிய மருத்துவமனை ஒன்று எழுந்தது. நிறுவனத்தின் பெருந்தன்மையாக அது காட்டப்பட்டது. நீதிமன்றம் முடக்கி வைத்த பங்குகளை விற்ற பணத்தில் எழுந்தது அது என்பது சிறிய எழுத்தில்.

நற்பண்பு அந்த இரவில் இல்லாமலில்லை. போபால் ரயில் நிலையத்தின் துணைக் கண்காணிப்பாளர் குலாம் தஸ்தகீர், மேலிட உத்தரவுக்குக் காத்திராமல், நின்றிருந்த ரயிலை நேரத்துக்கு முன்பே கிளப்பி அனுப்பிப் பயணிகளைக் காப்பாற்றினார், தாம் நகரவில்லை. அவரும் அவரோடு நின்ற ரயில்வே ஊழியர்களும் அரிஸ்டாட்டிலைப் படித்தவர்கள் அல்லர். அடிமையை உயிருள்ள கருவி என்று வகைப்படுத்திய அரிஸ்டாட்டில், நற்பண்பை இப்படிப்பட்டவர்களிடம் தேடச் சொல்லவுமில்லை.

ஒப்பந்தவாதத்துக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. ஜான் ரால்ஸ் 1971இல் சொன்னது: சமூகத்தில் தமக்கு எந்த இடம் வாய்க்கும் என்று தெரியாதவர்கள் கூடி எந்த விதிகளை ஏற்பார்களோ அவையே நீதியான விதிகள். தாம் இயக்குநர் குழுவில் பிறப்போமா ஜெ.பி. நகரில் பிறப்போமா என்று தெரியாத எவரும் அந்தத் தொட்டியை அந்த நிலையில் அங்கே வைக்கச் சம்மதித்திருக்க மாட்டார்கள். கோட்பாடு சரியாகவே பேசுகிறது. நடந்த ஒப்பந்தமோ வேறு. 1985இல் ஒரு சட்டம் இயற்றிப் பாதிக்கப்பட்ட அனைவருக்குமான ஒரே பிரதிநிதியாக ஒன்றிய அரசு தன்னை நியமித்துக்கொண்டது. 330 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டது. 1989 பிப்ரவரி 14 அன்று 47 கோடி டாலருக்கு உடன்பட்டது. குற்ற வழக்குகளைக் கைவிடுவதும் அந்த உடன்பாட்டில் சேர்க்கப்பட்டிருந்தது. பாதிக்கப்பட்ட ஒருவரிடமும் கேட்கவில்லை. பெண்கள் தெருவில் இறங்கிப் போராடிய பிறகே 1991இல் குற்ற வழக்குக்கு மீண்டும் உயிர் வந்தது. சுமார் 3,000 பேர் இறந்தனர் என்ற கணக்கில் போடப்பட்ட உடன்பாடு அது. பின்னர் அரசின் இழப்பீட்டு நடைமுறையே ஏற்றுக்கொண்ட மரணங்கள் 5,295. பாதிப்புற்றோர் 5 லட்சத்துக்கும் மேல். பங்கிட்டால் தலைக்கு ஆயிரம் டாலர்கூட வராது. எண்ணிக்கை தவறு என்று சொல்லிக் கூடுதல் இழப்பீடு கோரி ஒன்றிய அரசு 2010இல் தொடுத்த சீராய்வு மனுவையும் 2023 மார்ச் 14 அன்று உச்சநீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. நான்கு கோட்பாடுகளும், நேராகக் கேட்டால், ஒரே தீர்ப்பைத்தான் தருகின்றன. அறிஞர்களின் நூல்களில் எதிரெதிராக நிற்பவை போபாலில் ஒன்று சேர்ந்து நிற்கின்றன. அப்படியிருந்தும் எந்தத் தீர்ப்பும் நிறைவேறவில்லை. ஆளும் வர்க்கத்திடம் அறவியல் இல்லாததால் அல்ல. அதனிடம் நான்கும் இருக்கின்றன. கட்டத்துக்குக் கட்டம் மாற்றிக்கொள்கிறது. ஆலை ஓடும்போது பயன்-செலவுக் கணக்கு பேசும். பிணம் விழுந்து நீதிமன்றம் ஏறினால் எண்ணத்தைப் பற்றிப் பேசும். செய்தியாளர்கள் முன் குணநலன்களைப் பேசும். பணம் கொடுக்கும் நாளில் ஒப்பந்தத்தைப் பேசும். ஒவ்வொரு கட்டத்திலும் தனக்கு எது இலகுவோ அந்த அளவுகோல். குற்றம் சாட்டப்பட்டவரே அளவுகோலைத் தேர்ந்தெடுக்கும் விசாரணை இது.

இந்த விசாரணையை உடைக்கும் கருவியை ஏங்கெல்ஸ் 1845லேயே தந்துவிட்டார். இங்கிலாந்துத் தொழிலாளர் நிலை குறித்த நூலில் அவர் சமூகப் படுகொலை என்ற கருத்தை முன்வைக்கிறார். ஒருவர் மற்றொருவரைச் சாகும்படி தாக்கினால் அதைக் கொலை என்கிறோம். ஆயிரக்கணக்கானோர் உரிய காலத்துக்கு முன் சாகும் நிலையில் அவர்களை வைத்து, அவர்கள் சாவார்கள் என்று தெரிந்தும் அந்நிலையைத் தொடரவிட்டால் அதுவும் கொலைதான். கொன்றவரின் முகம் தெரியாததால் அது கொலை அல்லாமல் போய்விடாது. இங்கே கேள்வி தனி மனிதரின் எண்ணத்திலிருந்து நிலைமையை உருவாக்கி நீடிக்கவிட்டவர்களின் பொறுப்புக்கு நகர்கிறது. கேள்வியின் தேதியும் மாறுகிறது. டிசம்பர் 2 இரவு யார் எந்த வால்வைத் திறந்தார் என்று கேட்டால் விடை ஒரு தொழிலாளியிடம் போய் நிற்கும். 1984 ஜூனில் குளிரூட்டியை நிறுத்தியது யார் என்று கேட்டால் நிர்வாகத்திடம் போகும். பங்குகளில் 50.9 விழுக்காட்டைக் கையில் வைத்திருந்தவர்கள் 1982 அறிக்கையை என்ன செய்தார்கள் என்று கேட்டால் அமெரிக்கத் தலைமையகத்துக்குப் போகும்.

கையேடுகளின் கீதைப் பகுதிக்கும் இது பொருந்தும். பலனை எதிர்பாராமல் கடமையைச் செய் என்ற போதனையைக் காண்ட்டோடு ஒப்பிட்டுப் பெருமைப்படுவது வழக்கமாகிவிட்டது. யாருடைய கடமை, யார் விதித்தது என்று கேட்டால் வருணம் என்ற விடை வரும். காண்ட்டின் கடமை எல்லோருக்கும் ஒன்று, அங்கே பிறப்புக்கொன்று. சாதியை அழித்தொழித்தல் உரையில் 1936லேயே அம்பேத்கர் விதிக்கும் கோட்பாட்டுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கினார். விதி, செய் என்று ஆணையிடும். கோட்பாடு, சரியா என்று எடைபோட உரிமை தரும். விதிக்குக் கீழ்ப்படிபவர் பொறுப்பேற்க முடியாது. மேலிடத்து உத்தரவின்படி குளிரூட்டியை அணைத்தவரும், அறவியல் தாளுக்குச் சுற்றறிக்கையை மனப்பாடம் செய்யும் நாளைய அதிகாரியும் இந்த வேறுபாட்டைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

இடதுசாரி அணிகளுக்குள்ளும் இது குறித்து இரண்டு தவறான போக்குகள் உண்டு. அவற்றை மறைப்பதில் பயனில்லை. அறம் என்பதே முதலாளித்துவச் சரக்கு, அறிவியல் சோசலிசத்துக்கு அது தேவையில்லை என்பது முதலாவது. டூரிங்குக்கு மறுப்பு நூலில் ஏங்கெல்ஸ் எல்லாக் காலத்துக்குமான அறம் இல்லை, வர்க்கங்களுக்கு வெவ்வேறு அறம் உண்டு என்றார். எனவே எந்த அறமும் இல்லை என்று அவர் சொல்லவில்லை. பாட்டாளி வர்க்கத்தின் அறமே எதிர்காலத்தைச் சுமந்து நிற்பது என்றார். இளம் மார்க்ஸ், மனிதரை இழிவுபடுத்தும் எல்லா உறவுகளையும் தூக்கியெறிவதை நிபந்தனையற்ற கட்டளை என்று காண்ட்டின் சொல்லாலேயே குறிப்பிட்டார். 1920 அக்டோபரில் இளைஞர்கள் முன் பேசிய லெனின், கம்யூனிஸ்டுகளுக்கு அறம் இல்லை என்ற அவதூறை மறுப்பதற்கென்றே தமது உரையில் ஒரு பகுதியை ஒதுக்கினார்.

இரண்டாவது இதைவிட ஆபத்தானது. இலக்கு உயர்ந்தது, ஆகவே வழி எதுவாயினும் சரி என்ற எண்ணம். இது மார்க்சியம் அல்ல, செம்மை பூசிய பெந்தாம். நாளைய கோடிக்கணக்கானோரின் நன்மைக்காக இன்றைய ஒருவரைக் கணக்கிலிருந்து அடித்துவிடலாம் என்பது அந்தக் கம்பெனிக் கணக்கரின் பேரேடுதான். வரவுப் பக்கத்தின் தலைப்பு மட்டும் வேறு. இது பெரிய வரலாற்றுத் தருணங்களில் மட்டும் தலைகாட்டுவதில்லை. அன்றாடத் தொழிற்சங்கப் பணியிலேயே இருக்கிறது. பழுதான பாதுகாப்புக் கருவியை மாற்று என்று போராட வேண்டிய இடத்தில், அபாயப்படியை இவ்வளவு உயர்த்து என்று ஒப்பந்தம் போட்டுத் திரும்பும் சங்கங்கள் உண்டு. நிரந்தரத் தொழிலாளிக்கு முகக்கவசம் பெற்றுத் தந்துவிட்டு, அதே தொட்டியில் இறங்கும் ஒப்பந்தத் தொழிலாளியை உறுப்பினர் பட்டியலில் இல்லை என்று விட்டுவிடும் இடங்களும் உண்டு. உயிரின் விலையைப் பேரம் பேசி உயர்த்துவதும் உயிருக்கு விலை உண்டு என்று ஒப்புக்கொள்வதுதான். மனிதரைக் கருவியாக்காதே என்ற காண்ட்டின் வாக்கு முதலில் இங்கே உறைக்க வேண்டும். போபால் ஆலைச் சங்கம் 1982இல் ஒட்டிய சுவரொட்டி படிக்காகப் போராடவில்லை. ஆலைக்கு வெளியே, சந்தா கட்டாத ஊரின் உயிருக்காகப் பேசியது. அதை நம் சங்கக் கல்விக் கூட்டங்களில் எத்தனை முறை சொல்லியிருக்கிறோம்?

இது பழங்கதை அல்ல. போபாலுக்குப் பிறகு மக்கள் கோபத்தின் அழுத்தத்தால் 1986இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1987இல் தொழிற்சாலைச் சட்டத்தில் அபாயகரமான தொழில்முறைகளுக்கென்று தனி அத்தியாயம் சேர்க்கப்பட்டது. பாதுகாப்புக் குழுவில் தொழிலாளர் இடம்பெறவும், உடனடி ஆபத்தைப் பற்றி எச்சரிக்கப்படவும் உரிமை கிடைத்தது. இப்போது அந்தப் பக்கங்கள் ஒவ்வொன்றாகக் கிழிக்கப்படுகின்றன. 2023ஆம் ஆண்டின் ஜன் விஸ்வாஸ் சட்டம், சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்ட மீறலுக்கு இருந்த நேரடிச் சிறைத் தண்டனையை எடுத்துவிட்டு, 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் வரை அபராதம் என்று மாற்றியது. அபராதத்தைக் கட்டாவிட்டால்தான் சிறை. அதாவது விஷத்தைக் கொட்டுவது குற்றமல்ல, பணத்தைக் கட்டாததே குற்றம். பயன்-செலவுக் கணக்கு சட்டப் புத்தகத்துக்குள்ளேயே குடியேறிவிட்டது. 2020ஆம் ஆண்டின் பணிப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், மின்சாரம் பயன்படுத்தும் ஆலைகளில் தொழிற்சாலை என்ற வரையறைக்கான ஆள் எண்ணிக்கையைப் பத்திலிருந்து இருபதாக உயர்த்தியது. ஆய்வாளரின் பெயரோடு வசதி செய்து தருபவர் என்ற பட்டத்தையும் ஒட்டவைத்தது. யாருக்கு வசதி என்று கேட்க வேண்டியதில்லை. மார்க்ஸ் மூலதனத்தில் மனமாரப் பாராட்டிய ஆலை ஆய்வாளர் லியோனார்ட் ஹார்னர், முதலாளிகளுக்கு அசௌகரியம் செய்துகொடுத்துத்தான் அந்தப் பாராட்டைப் பெற்றார். 2020 மே 7 அன்று விசாகப்பட்டினத்தில் எல்.ஜி. பாலிமர்ஸ் ஆலையின் ஸ்டைரீன் வாயு விடியற்காலையில் ஊரைச் சூழ்ந்தபோது மக்கள் மீண்டும் தெருக்களில் மயங்கி விழுந்தார்கள். அங்கேயும் கேட்க வேண்டிய கேள்வியின் தேதி மே 7 அல்ல.

போபால் ஆலை வளாகத்தில் நாற்பதாண்டுகளாகக் கிடந்த நச்சுக் கழிவில் 337 டன், 2025 ஜனவரி முதல் தேதி இரவு மூடிய கண்டெய்னர்களில் ஏற்றப்பட்டு, தார் மாவட்டத்தின் பீதம்பூருக்கு அனுப்பப்பட்டது. அதுவும் ஒரு தொழிலாளர் நகரம். அதை இங்கே எரிக்கக் கூடாது என்று அந்த ஊர் மக்கள் தெருவில் இறங்கினார்கள், தடியடி பட்டார்கள். ஜூன் மாதத்துக்குள் கழிவு அங்கேயே எரிக்கப்பட்டது. போபாலின் மண்ணிலும் நிலத்தடி நீரிலும் ஊறியவை அப்படியே இருக்கின்றன. யூனியன் கார்பைடை 2001இல் வாங்கிய டௌ கெமிக்கல் அவற்றை அகற்றும் பொறுப்பு தனக்கில்லை என்கிறது. வாங்கிய ஒப்பந்தத்தில் அது இல்லையாம்.